ஒட்டவும் பிரிக்கவும்: ஓய்வுக்காலத்தில் மரக்கப்பல் செய்ய வருவோருக்கு

பணி ஓய்வு பெற்ற மூன்றாவது மாதம் நான் வாங்கிய முதல் பெட்டிக்குள் இருந்தது மூன்று பாய்மரமும் மூன்று பீரங்கித் தளமும் கொண்ட ஒரு போர்க்கப்பலின் சிறு மாதிரியைச் செய்வதற்கான பாகத் தொகுப்பு, அதாவது கிட். பெட்டி மேலிருந்த படத்தில் மயங்கி வாங்கியது. திறந்தால் எட்டாக மடித்த வரைபடங்கள், கட்டுக்கட்டாக மரக்கீற்றுகள், பொட்டலம் பொட்டலமாகப் பித்தளைச் சில்லறைகள். எல்லாவற்றையும் தரையில் பரப்பி அரை நாள் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அதே வரிசையில் திரும்ப அடுக்கி, மூடி, அலமாரி மேல் ஏற்றிவிட்டேன். ஆசையோடு வருகிற பலர் இந்த இடத்திலேயே நின்றுபோகிறார்கள்.

"இதுக்கு ரொம்பப் பொறுமை வேண்டுமே" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்வார்கள். பொறுமையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். உட்கார்ந்துவிட்டால் சாயங்காலம் ஆனதே தெரியாது. நேற்று ஒட்டியதை இன்று பிரித்தெடுக்க மனசு வரவேண்டும், அதுதான் கஷ்டம். அது பிரிகிற மாதிரி ஒட்டப்பட்டும் இருக்க வேண்டும். எந்தக் கப்பல், எந்தப் பசை, எந்த வேலைக்குப் பிறகு எந்த வேலை என்பதையெல்லாம் இந்த ஒரு கணக்கை வைத்தே கீழே சொல்கிறேன்.

முதலில் ஒரு படகு

புதிதாக வருகிறவர்களின் கண் நேராகப் போய் நிற்பது ஹெச்எம்எஸ் விக்டரியில். 1765இல் கடலில் இறக்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பல், 104 பீரங்கிகள், பீரங்கித் தளத்தின் நீளம் மட்டும் 186 அடி. 1:48 அளவில், அதாவது நிஜத்தில் 48இல் ஒரு பங்காகச் செய்தால் அந்தத் தளமே 46.5 அங்குலம் வரும். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தையும் சேர்த்துக்கொண்டால் வீட்டில் வைக்க இடம் தேடவேண்டும். ஒரு பீரங்கி வண்டிக்கு நான்கு சக்கரம் என்று வைத்தாலே 400க்கு மேல் சக்கரங்கள். பழகிய கைகளே வருடக்கணக்கில் செய்கிற வேலை அது.

முதல் வேலைக்கு ஒற்றைப் பாய்ப் படகோ துடுப்புப் படகோ போதும். டோரி என்று ஒரு படகு இருக்கிறது. வட அட்லாண்டிக்கில் காட் மீன் பிடிக்கப் போன பாய்க்கப்பல்கள் தங்கள் மேல்தளத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி எடுத்துப்போன, அடி தட்டையான சிறு படகு. பக்கப் பலகைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். சில வாரங்களில் முடிந்துவிடும், தப்பாகப் போனாலும் பெரிய நஷ்டமில்லை. தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று செய்ய மனசு இடம் கொடுக்கும்.

இரண்டாவதாகச் செய்ய எனக்குப் பிடித்தது பவுன்டி கப்பலின் லாஞ்ச், அதாவது அந்தக் கப்பல் தன்னோடு எடுத்துப்போன படகு. 1789இல் கலகம் செய்த மாலுமிகள் கேப்டன் பிளையையும் 18 பேரையும் இறக்கிவிட்ட படகு அது. 23 அடிப் படகில் 3,600 கடல் மைலுக்கு மேல் ஓட்டி அவர் திமோர் தீவில் கரை சேர்ந்தார். 1:16 அளவில் செய்தால் சுமார் 44 செ.மீ. நீளம். இருக்கைப் பலகைகளை ஒட்டி முடித்து, இதில் 19 பேர் எங்கே காலை நீட்டினார்கள் என்று யோசித்தபடி நான் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன்.

அளவு விஷயத்தில் ஒன்று கவனியுங்கள். 1:96 என்று போட்டிருந்தால் பாகங்கள் பொடிப்பொடியாக இருக்கும்; 1:24 என்றால் பெரிதாக இருக்கும். நிஜத்தில் எட்டு அங்குல நீளமுள்ள ஒரு கயிற்றுக் கப்பி 1:96இல் இரண்டு மில்லிமீட்டர்தான், கடுகு மாதிரி. 1:24இல் அதுவே எட்டரை மில்லிமீட்டர். அறுபது வயதுக் கண்ணுக்கு இரண்டாவதுதான் நல்லது. பெட்டி பெரிதா சிறிதா என்று பார்ப்பதைவிட, கப்பல் சிறிதாகவும் பாகங்கள் பெரிதாகவும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கிட் மூன்று வகையில் வரும். ஒரே கட்டையில் உருவத்தைச் செதுக்கிக் கொடுத்திருப்பது ஒன்று. நடுவில் ஒரு நீளப் பலகையும் அதில் குறுக்கே சொருகும் சட்டங்களும் வைத்து, மேலே கீற்று ஒட்டுவது இரண்டாவது. நிஜக் கப்பல் மாதிரியே ஒவ்வொரு விலாவையும் துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டுவது மூன்றாவது. அதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். டோரி மாதிரிப் படகுகள் இந்த வகைகளில் சேராமல் ஓர் அச்சின் மேல் கட்டுவதாகவும் வரும். படகை அடுத்துக் கப்பலுக்குப் போகும்போது இரண்டாவது வகையில், இரண்டு அடுக்குப் பலகை ஒட்டுவதாகப் பார்த்து வாங்குங்கள். முதல் அடுக்கில் நீங்கள் செய்யும் கோணல்மாணலை எல்லாம் இரண்டாவது அடுக்கு மூடிவிடும்.

விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் தள்ளிப்போங்கள். வேறு ஒருவர் வரைந்த வரைபடத்தைத் திருடி லேசரில் வெட்டி விற்பது இந்தத் தொழிலில் பழைய தொல்லை. அப்படி ஒன்று என்னிடமும் வந்து சேர்ந்தது. வரைபடம் மங்கலான நகல், செய்முறை விளக்கம் இரண்டே பக்கம், கீற்றுகள் பக்கத்துக்கு நான்கு குறைவு. எது வாங்கினாலும் முதல் நாளே பாகப்பட்டியலை வைத்து எண்ணிவிடுங்கள்; குறைந்தால் உடனே கேட்கலாம்.

மேசை, கண், கை

சாப்பாட்டு மேசையில் ஆரம்பிக்காதீர்கள். வேளைக்கு வேளை எடுத்து வைப்பதில்தான் பாகம் தொலையும், உற்சாகமும் தொலையும். அப்படியே போட்டுவிட்டு எழுந்து போகிற மாதிரி ஒரு மூலை இருந்தால் போதும்.

விளக்கு இடமும் வலமுமாக இரண்டு வேண்டும். ஒரே விளக்கு என்றால் கையின் நிழல் வேலை மேலேயே விழும். தலையில் மாட்டுகிற பூதக்கண்ணாடி கட்டாயம். படிக்கிற கண்ணாடியை வைத்தே சமாளிக்கலாம் என்று நானும் நினைத்து, குனிந்து குனிந்து கழுத்துவலி வந்த பிறகுதான் வாங்கினேன். கை நடுக்கம் இருக்கிறதே என்று தயங்குகிறவர்களுக்கு: கையை அந்தரத்தில் வைத்தால் யாருக்கும் நடுங்கும். மணிக்கட்டை மேசையிலோ ஒரு கட்டையிலோ ஊன்றி, இடுக்கியை நுனிக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்த வயதில் நிறையப் பேர். கத்தி லேசாகப் பட்டாலே அவர்களுக்கு ரத்தம் நிற்க நேரமாகும். சுத்தமான துணியும் பிளாஸ்திரியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மொக்கைக் கத்திதான் வழுக்கி விரலைப் பதம்பார்க்கும், அதனால் பிளேடை அடிக்கடி மாற்றுங்கள். தேய்க்கும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். மரத்தூள் நுரையீரலுக்கு ஆகாது, சில மரங்களின் தூள் தோலுக்கும் ஆகாது.

கீழே விழுந்த பாகத்தைத் தேட ஒரு வழி: அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து அடியுங்கள். இரண்டு மில்லிமீட்டர்ப் பாகத்துக்குக்கூட நீளமாக நிழல் விழும்.

கருவிகள் குறைவாக, பசை கவனமாக

நெப்போலியன் காலத்துப் போர்களில் இங்கிலாந்தில் சிறைப்பட்டிருந்த பிரெஞ்சுக் கைதிகள் சாப்பாட்டில் மிஞ்சிய எலும்பைச் சீவியே கப்பல் செய்தார்கள். அவற்றில் பல இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அதனால் கடையில் காட்டுகிற மின்கருவி எல்லாம் ஆரம்பத்தில் வேண்டாம். கூர்முனைப் பிளேடு மாற்றும் கத்தி, பல் நெருக்கமான சிறு ரம்பம், இரும்பு ஸ்கேல், மூலைமட்டம், ஊசி அரங்கள், இரண்டு இடுக்கி, 0.5 முதல் 2 மி.மீ. வரை துளை போடும் கைத்துளைப்பான், துணி மாட்டும் கிளிப் இரண்டு டஜன். உப்புத்தாள் 120, 220, 400 என மூன்று நம்பரில் வாங்கி, கொஞ்சத்தைத் தட்டையான கட்டைகளில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். வெறும் விரலால் அழுத்தித் தேய்த்தால் மரத்தில் பள்ளம் விழும். மற்றதெல்லாம் தேவை வரும்போது பார்க்கலாம்.

பசையில்தான் முதலில் சொன்ன கணக்கு வருகிறது. மர வேலைக்கான சாதாரண வெள்ளைப் பசைதான் உங்கள் பசை. தண்ணீர் தாங்கும் வகை வேண்டாம், அது லேசில் பிரியாது. சாதாரணப் பசை காய நேரமாகும். அதற்குள் நகர்த்தலாம், திருத்தலாம். மறுநாள் கோணலாகத் தெரிந்தாலும், ஊசி போடுமுன் தோலில் தடவுகிறார்களே அந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்து இணைப்பின் மேல் வைத்து, காயக்காய மறுபடி நனைத்தால், சிறிது நேரத்தில் பசை இளகிவிடும். கத்தி முனையை நுழைத்து மெதுவாகக் கிளப்பலாம். பக்கத்தில் நெருப்பு மட்டும் இருக்கக்கூடாது.

சூப்பர் குளூ நொடியில் பிடிக்கும், அதன் வசதியும் வம்பும் அதுதான். அசிட்டோன் போட்டால் இளகும், ஆனால் மரத்துக்குள் ஊறிய கறை போகாது. பின்னால் பாலிஷ் போடும்போது அந்த இடம் மட்டும் மரம் குடிக்காமல் திட்டுத்திட்டாகத் தெரியும். அதன் ஆவி கண்ணையும் மூக்கையும் எரிக்கும். கயிற்று முடிச்சுக்கும் உலோகப் பாகத்துக்கும் மட்டும், ஜன்னலைத் திறந்துவைத்து, குண்டூசி முனையில் தொட்டு வையுங்கள்.

ஏரா நேராக இருக்கிறதா?

கப்பலுக்கு முதுகெலும்பு மாதிரி அடியில் ஓடும் மரத்தை ஏரா என்பார்கள், விலா எலும்பு மாதிரி நிற்பவற்றை வங்கு என்பார்கள். கிட்டில் ஏராவின் இடத்தில் ஒரு நீளமான ஒட்டுப்பலகைத் துண்டு இருக்கும். அதை எடுத்ததும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நுனியிலிருந்து பாருங்கள். வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தால் அப்படியே ஒட்டிவிடாதீர்கள். இந்த வளைவு கடைசிப் பாய்மரம் வரை கூடவே வரும். லேசாக ஈரப்படுத்தி, இரண்டு சமதளத்துக்கு நடுவில் வைத்து, மேலே பாரம் ஏற்றி இரண்டு நாள் விட்டால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும்.

குறுக்குச் சட்டங்களைப் பசையில்லாமல் எல்லாவற்றையும் ஒருமுறை சொருகிப் பாருங்கள். லேசர் வெட்டிய விளிம்பில் கருகல் இருக்கும். வெளியே தெரியும் இடத்தில் தேய்த்தெடுங்கள், சொருகும் இடத்தில் ரொம்பத் தேய்த்தால் ஆட்டம் கண்டுவிடும். எல்லாம் சரியாக உட்கார்ந்த பிறகு ஒவ்வொன்றாக எடுத்து, பசை தடவி, மூலைமட்டம் வைத்து ஒட்டுங்கள். சட்டங்களுக்கு இடையில் சின்னக் கட்டைகளை இறுக்கமாக வெட்டி ஒட்டினால் பின்னால் ஏரா வளையாது. கிட் விளக்கத்தில் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள், ஆனாலும் செய்யுங்கள்.

அடுத்தது விளிம்புகளைச் சரிவாகச் சீவுவது. பார்க்க ஒன்றுமில்லாத வேலை. இதில் அவசரப்பட்டவர்கள் அத்தனை பேரும் பின்னால் அவதிப்பட்டிருக்கிறார்கள். கப்பலின் முன்பக்கம், அதாவது அணியம், உள்ளே குவிந்து போகிறது. அங்கே இருக்கும் சட்டத்தின் விளிம்பு நேராக இருந்தால் கீற்று அதன் ஓர் ஓரத்தில் மட்டும்தான் தொடும். ஒரு கீற்றை நான்கு சட்டங்களின் மேல் படியவைத்துப் பாருங்கள். எந்தச் சட்டத்திலும் விளிம்பின் முழு அகலமும் கீற்றைத் தொட வேண்டும். தொடாத இடத்தில் உப்புத்தாள் கட்டையால் தேய்த்து, மறுபடி வைத்து, மறுபடி தேய்த்து... நடுவில் அநேகமாக வேலையே இருக்காது. முன்னும் பின்னும்தான் அதிகம். தேய்த்தது அதிகமாகிவிட்டதா, மெல்லிய மரச்சீவலை ஒட்டி உயர்த்திக்கொள்ளலாம். ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும்.

கீற்று ஒட்டுவது

இங்கே கணக்குப் பேப்பர் வேண்டும். நடுச் சட்டத்தில், தளத்தின் ஓரத்திலிருந்து ஏரா வரை ஒரு காகிதத் துண்டைப் படியவைத்து அளந்து பாருங்கள். 90 மி.மீ. வருகிறது, கீற்றின் அகலம் 5 மி.மீ. என்றால் பக்கத்துக்கு 18 கீற்று. இப்போது அணியத்தில் அதே மாதிரி அளங்கள். அங்கே 54 மி.மீ.தான் இருக்கிறது. அதே 18 கீற்றும் அங்கேயும் அடங்க வேண்டும் என்றால் ஒவ்வொன்றும் 3 மி.மீ. ஆக வேண்டும். அப்படியானால் ஒவ்வொரு கீற்றையும் நடுவில் 5 ஆகவும் முன்னால் 3 ஆகவும் குறுகுமாறு சீவவேண்டும். பாதி அகலத்துக்குக் கீழே, இங்கே இரண்டரைக்குக் கீழே, போக வேண்டிவந்தால் ஒரு கீற்றை நடுவழியில் நிறுத்திவிட்டு மற்றவற்றை அகலமாக விடுவார்கள். பின்பக்கத்தில் கதை தலைகீழ்: அங்கே இடம் அதிகமாகி, கீற்றுகளுக்கு நடுவில் ஆப்பு வடிவத்தில் இடைவெளி விழும். அதற்கு அளவாக ஓர் ஆப்புக்கீற்று வெட்டிச் சொருகினால் சரி.

இந்தக் கணக்கைப் போடாமல் மேலிருந்து வரிசையாக முழு அகலத்தில் ஒட்டிக்கொண்டே வந்தால் என்ன ஆகும்? ஐந்தாறு கீற்று அழகாக வரும். ஏழாவது அணியத்தில் ஒதுங்க இடமில்லாமல் மேல்நோக்கித் திமிறும். விரலால் அமுக்கிப் பிடித்தால் அதன் கீழ் ஓரம் தூக்கிக்கொள்ளும். என் முதல் கப்பலில் ஒன்பதாவது கீற்று வரை போய்விட்டேன். பிறகு ஒரு வாரம் ஆல்கஹாலும் பஞ்சுமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் கழற்றினேன். வெள்ளைப் பசை என்பதால் தப்பித்தேன்.

வளைக்கும் முறை இதுதான். லைம், பாஸ்வுட் மாதிரி மெதுமரத்தில் ஒன்றரை மி.மீ. தடிமனுள்ள கீற்றை வெந்நீரில் கால்மணி நேரம் ஊறவையுங்கள். எடுத்து, கப்பலின் மேலேயே பசையில்லாமல் வளைத்துக் கிளிப் போட்டு, காயவிடுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகுதான் பசை. ஈரத்தில் மரம் ஊதியிருக்கும். அப்படியே ஒட்டினால் காய்ந்து சுருங்கியதும் கீற்றுக்குக் கீற்று சந்து விடும். பக்கவாட்டில், அதாவது கத்தி மாதிரி நிற்கவைத்து வளைக்க வேண்டுமென்றால், ஈரக் கீற்றை ஒரு பலகை மேல் தட்டையாகப் படுக்கவைத்து, வேண்டிய வளைவில் கிளிப் போட்டு, முடி உலர்த்தும் கருவியால் சூடுகாட்டுங்கள். ஆறியதும் அந்த வளைவு பெரும்பாலும் நிற்கும்.

இடப்பக்கம் ஒன்று ஒட்டினால் அடுத்தது வலப்பக்கம். ஒரே பக்கமாக ஒட்டிக்கொண்டே போனால் அத்தனை கீற்றும் சேர்ந்து ஏராவைத் தன் பக்கம் இழுத்துவிடும். ஒரு நாளைக்கு இரண்டு ஜோடி போதும். அதற்கு மேல் போகும்போதுதான் கை அவசரப்படுகிறது.

முதல் அடுக்கு முடிந்ததும் பள்ளங்களில் மர மாவுப் பசை பூசித் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்புகிற மேடு விரலுக்குத் தப்பாது. இரண்டாவது அடுக்கு வால்நட் மாதிரி மரத்தில் அரை மில்லிமீட்டர்ச் சீவல். அதற்கும் அதே கணக்குத்தான்.

தளம், பாலிஷ், கயிறு

தளத்துக்குக் கீற்று ஒட்டும்போது ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலைத் தேய்த்துவிட்டு ஒட்டுங்கள். நிஜக் கப்பலில் பலகைச் சந்துகளில் நார் திணித்துத் தார் பூசும் கலப்பத்து வேலை இருக்கிறதே, அந்தக் கறுப்புக் கோடு கிடைத்துவிடும். பலகை நீளத்தையும் அளவுக்குத் தகுந்த மாதிரி வெட்டுங்கள்: 24 அடிப் பலகை 1:64இல் 11 செ.மீ. சொச்சம்.

பாலிஷுக்கு நான் அவலரக்கைத்தான் (ஷெல்லாக்) சொல்வேன். ஸ்பிரிட்டில் கரைத்து மெல்லிசாக இரண்டு மூன்று தடவை. பிடிக்காவிட்டால் ஸ்பிரிட்டாலேயே துடைத்தெடுக்கலாம். எல்லாவற்றையும் முதலில் கழிவுத் துண்டில் போட்டுப் பாருங்கள். ஆளிவிதை எண்ணெய் பயன்படுத்துகிறவர்கள் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடவேண்டாம், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியில் விரித்துக் காயவைத்த பிறகு எறியுங்கள்.

பாய்மரத்துக்கு, சதுரக் கட்டையை நுனிக்குக் குறுகச் சீவி, எட்டுப் பட்டையாக்கி, அதன் பிறகு உருட்டுங்கள். உருண்டைக் குச்சியை எடுத்து நேராகத் தேய்த்தால் கோணும்.

கயிற்றில் பாய்மரத்தை நிறுத்திப் பிடிப்பவை தார் பூசியவை, கறுப்பு. பாயை இழுக்கிறவை வெளிர்ப்பழுப்பு. நூலைத் தேன்மெழுகில் இழுத்துவிட்டால் பிசிர் அடங்கும். நூல் நுனியில் சூப்பர் குளூ ஒரு துளி தொட்டால் காய்ந்து ஊசி மாதிரி நிற்கும், துளையில் நுழைக்க எளிது. கீழிருந்து மேலாக, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கட்டுங்கள். மாலுமிகள் ஏறும் ஏணிக்கயிறு முதல் படகில் இருக்காது. பெரிய கப்பலுக்கு வரும்போது முடிச்சு ஒவ்வொன்றையும் இறுக்கி இழுக்காதீர்கள். நிற்கும் கயிறுகள் உள்ளே இழுபட்டு உடுக்கை மாதிரி இடுப்பு ஒடுங்கிவிடும். முடிச்சின் மேல் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையை வையுங்கள். தப்பாகக் கட்டியதை நனைத்து அவிழ்க்கலாம்.

முடிந்ததும் கண்ணாடிப் பெட்டி. தூசி கயிற்றில் ஏறினால் துடைக்க வழியில்லை. பெட்டியின் அடியில் காற்றுப்போக நான்கு துளை விடுங்கள். ஈயத்தில் வார்த்த பாகங்கள் கப்பலில் இருந்தால் ஓக் மரத்தில் பெட்டி செய்யாதீர்கள். அந்த மரம் விடும் அமில ஆவி மூடிய பெட்டிக்குள் தங்கி, ஈயத்தை வருடக்கணக்கில் வெள்ளைப் பொடியாக அரித்துவிடும். வெயில் நேராகப் படும் இடமும் வேண்டாம், மரம் வெளுக்கும், நூல் இற்றுப்போகும்.

என் டோரியும் பவுன்டி படகும் ஜன்னலிலிருந்து தள்ளி ஒரே தட்டில் நிற்கின்றன, மூன்றாவதாக ஓர் ஒற்றைப் பாய்க் கப்பலுக்குக் கீற்று ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பெரிய பெட்டி இன்னும் அலமாரி மேல்தான் இருக்கிறது. போன மாதம் ஒருமுறை இறக்கினேன், கறுப்பு நூல் தீர்ந்துபோய்விட்டது என்பதற்காக.